அயல்நாட்டுப் பணிக்குச் சென்ற பின்னும் அருகிலிருக்கும் அப்பாவாக இருப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு ஆறரை வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மாலை நேர வீடியோ அழைப்பில் அவள் வாயை அகலத் திறந்து கேமராவுக்கு மிக அருகில் கொண்டுவந்து காட்டினாள். திரை முழுவதும் மங்கலான இளஞ்சிவப்பு நிறம்தான் தெரிந்தது. "எவ்ளோ ஆடுது பாத்தீங்களா?" என்றாள். "எது ஆடுது?" என்று கேட்டுவிட்டேன். கீழ்வரிசைப் பால் பல் ஒன்று ஒன்பது நாள்களாக ஆடிக்கொண்டிருந்தது. அவளுடைய வகுப்பில் அனைவருக்கும் தெரிந்திருந்த அந்தச் செய்தி எனக்கு மட்டும் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த ஒன்பது நாளும் நான் தவறாமல் அழைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் சாப்பிட்டியா, படிச்சியா, அம்மா சொல்றதைக் கேக்குறியா என்று விசாரித்திருந்தேன். அந்த மூன்று கேள்விகளுக்கும் "ம்" என்பதே போதுமான பதிலாக இருந்தது.

தொலைவிலிருக்கும் தந்தையரின் சிக்கல் பெரும்பாலும் அழைப்புகளின் எண்ணிக்கையில் இல்லை என்பதை அன்று புரிந்துகொண்டேன். 1985-இல் மைக்கேல் லேம்ப், ஜோசப் ப்ளெக் உள்ளிட்ட உளவியலாளர்கள் தந்தையின் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். குழந்தையோடு நேரடியாகப் பேசி விளையாடுவது முதலாவது. கூப்பிட்டால் எட்டும் தொலைவில் இருப்பது இரண்டாவது. குழந்தைக்கு எப்போது என்ன தேவை என்பதைத் தானே நினைவில் வைத்து அதை ஏற்பாடு செய்யும் பொறுப்பு மூன்றாவது. வேறு நாட்டுக்குச் செல்பவருக்கு முதல் இரண்டும் குறைந்துதான் தீரும். மூன்றாவது குறைய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அந்த மூன்றாவதைத்தான் முதலில் மனைவியின் தோளில் இறக்கிவைத்துவிட்டு, பணம் அனுப்புவதையே பொறுப்பு என்று பெயரிட்டுக்கொண்டு, மிஞ்சிய குற்ற உணர்வைத் தினசரி அழைப்புகளால் ஈடுகட்டப் பார்க்கிறோம். கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த மூன்றாவது பங்கை விட்டுக்கொடுக்காமல் இருப்பதைப் பற்றியவை.

முதல் படி: கையெழுத்திடும் முன்பே தந்தையாக ஒப்பந்தத்தைப் படியுங்கள்

சம்பளத்தையும் தங்குமிடத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை வேறு சில. முதல் விடுப்பு எத்தனை மாதங்களுக்குப் பின் கிடைக்கும், விடுப்பைப் பிரித்து எடுக்க முடியுமா, குழந்தைக்கு அவசரம் என்றால் எத்தனை நாளில் கிளம்ப முடியும், அதற்கான பயணச் சீட்டை யார் வாங்குவார்கள், பணி நேரம் ஷிப்ட் முறையில் மாறுமா ஆகியவற்றை எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு முடிந்த பின் ஒரே மூச்சில் நாற்பது நாள் விடுப்பு எடுப்பதைவிட, முடியுமானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருபது நாள் வருவது சிறு குழந்தைக்கு நல்லது. இரண்டாவது பயணச் சீட்டின் செலவு உறுத்தும்தான். ஆயினும் மூன்று வயதுக் குழந்தைக்கு ஓர் ஆண்டு என்பது அதன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு என்பதை அந்தச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செல்லும் நாட்டில் எந்தச் செயலி வேலை செய்யும் என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப முடிந்தாலும் குரல், வீடியோ அழைப்புகளுக்குத் தடை நீடித்துவந்திருக்கிறது. அங்கே உரிமம் பெற்ற வேறு செயலிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். சீனாவில் வாட்ஸ்அப்பே முடக்கப்பட்டுள்ளது. எனவே இரு முனைகளிலும் வேலை செய்யும் செயலியை வீட்டுக் கைபேசியில் நிறுவி, புறப்படும் முன்பே அறைக்கு அறை அழைத்துப் பழகிவிடுங்கள். கப்பல் பணிக்குச் செல்பவர்களுக்கு ஒரு சொல்: 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, ஊர் திரும்பும் உரிமை கிடைப்பதற்கு முன் ஒருவர் தொடர்ந்து கப்பலில் பணியாற்றக்கூடிய காலம் 12 மாதங்களுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும். கப்பலில் இணைய வசதி பற்றிய விதிகளும் அதில் பின்னர் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே அதைப் பற்றிக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: உங்களுக்கென்று மூன்று வேலைகளைப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு மனைவியுடன் அமர்ந்து, குழந்தையின் பொருட்டு ஒரு வாரத்தில் நடக்கும் வேலைகள் அனைத்தையும் எழுதுங்கள். சமைப்பது, குளிப்பாட்டுவது போன்ற உடலால் செய்யும் வேலைகளோடு, நினைத்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலைகளையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த தடுப்பூசி எப்போது, காலணி சிறிதாகிவிட்டதா, பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கையில் என்ன கேட்டிருக்கிறார்கள், அறிவியல் செயல்திட்டத்துக்கு எந்தத் தேதி கடைசி, நண்பனின் பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது போன்ற இரண்டாம் வகை வேலைகளே பட்டியலை நீளமாக்கும். இவற்றுக்கு ஊரில் இருக்க வேண்டியதில்லை என்பது எழுதும்போதே புலப்படும்.

அவற்றிலிருந்து மூன்றை நீங்கள் முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். முழுமையாக என்பதற்குப் பொருள், மனைவி நினைவூட்டாமல் நீங்களே தொடங்கி நீங்களே முடிப்பது. நான் எடுத்துக்கொண்டவை பள்ளியுடனான கடிதப் போக்குவரத்து, கணக்குப் பாடம், மருத்துவரிடம் முன்பதிவு செய்வது ஆகியவை. வகுப்பு ஆசிரியரிடம் என் அயல்நாட்டு எண்ணையும் மின்னஞ்சலையும் நேரில் கொடுத்து, செய்திகளை இருவருக்கும் அனுப்புமாறு கேட்டுக்கொண்டேன். முதல் சில வாரங்கள் பள்ளியிலிருந்து மனைவியை மட்டுமே அழைத்தார்கள். நானும் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது மாதத்தில், மகளின் குறிப்பேடு தொலைந்த செய்தி அவள் வீட்டுக்கு வருமுன் எனக்கு வந்தது. அன்று மாலை நான் பேசத் தொடங்கியதே அந்தக் குறிப்பேட்டைப் பற்றித்தான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் கேட்ட தொனியை, அதற்கு முந்தைய நூறு அழைப்புகளிலும் நான் கேட்டதில்லை.

மூன்று போதும். பத்து வேலைகளை ஏற்றுக்கொண்டு ஆறை மறந்துபோனால், அவற்றைத் தூக்கிச் சுமப்பதோடு உங்களைக் கண்காணிக்கும் வேலையும் மனைவிக்குச் சேர்ந்துவிடும்.

காகிதங்களைப் பற்றி இங்கேயே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, மருத்துவமனை ஒப்புதல் போன்றவற்றில் உங்கள் கையெழுத்துத் தேவைப்படும் இடங்களை முன்பே விசாரித்து, மனைவியின் பெயரில் அதற்குரிய அதிகாரப் பத்திரத்தை எழுதிவைத்துவிட்டுச் செல்லுங்கள். குடும்பத்தைப் பிற்பாடு அழைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு, அது உண்மையான ஆவணம்தான் என்று பிற நாடுகள் ஏற்பதற்காக அரசு இடும் அப்போஸ்டில் முத்திரையும் பெற்றுவிடுங்கள். 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளுக்குள் அந்த ஒரு முத்திரை போதும். சேராத நாடு என்றால் தூதரகச் சான்றொப்பமும் வாங்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: குழந்தையிடம் சொல்வது

குழந்தை தூங்கும்போது கிளம்பிவிடுவது பல வீடுகளில் கருணை என்று கருதப்படுகிறது. அழுகையைப் பார்க்காமல் தப்பிப்பது நாம்தான். விழித்தெழும் குழந்தைக்குக் கிடைப்பது, தூங்கினால் ஆள் காணாமல் போய்விடுவார் என்ற பாடம். அதன் பின் பல வாரங்கள் அது உறங்க மறுத்தால் வியப்பதற்கில்லை. ஏறத்தாழ எட்டு மாதத்திலிருந்தே, கண்ணில் படாத மனிதர் எங்கோ இருக்கிறார் என்பது குழந்தைக்குப் புரியத் தொடங்குகிறது. பிரிவைக் கண்டு அஞ்சும் பருவமும் அப்போதுதான் தொடங்கி, இரண்டாம் வயதின் நடுப்பகுதி வரை வலுவாக இருக்கும். பேச்சு வராத குழந்தைக்கும் விடைபெறுதல் வேண்டும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூன்று நான்கு நாள்களுக்கு முன் சொன்னால் போதும். ஒரு மாதத்துக்கு முன்பே சொன்னால் அது அந்த மாதம் முழுவதும் கவலைப்படும். பள்ளி வயதுக் குழந்தைக்கு இரண்டு மூன்று வாரங்கள் தேவை; கேள்விகள் ஒரே நாளில் வராது. பதின்வயதினருக்கு முடிவெடுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். முடிந்த முடிவை அறிவிப்பாகக் கேட்பது அவர்களைத் துன்புறுத்தும்.

"உனக்காகத்தான் போறேன்" என்று சொல்லாதீர்கள். அன்பினால் சொல்வதுதான் என்றாலும், அப்பா போனதற்குத் தானே காரணம் என்று குழந்தை அதை எடுத்துக்கொள்ளும். "எனக்கு அங்கே ஒரு வேலை கிடைச்சிருக்கு, நானும் அம்மாவும் பேசி முடிவு பண்ணினோம்" என்பது நேர்மையானது. சுமை பெரியவர்களிடமே இருக்கிறது. எப்போது வருவீர்கள் என்ற கேள்விக்குச் "சீக்கிரம்" என்பதும் பதில் ஆகாது. மாதத்தைச் சொல்லுங்கள், நாள்காட்டியில் காட்டுங்கள், தேதி உறுதியாகவில்லை என்றால் எப்போது உறுதியாகும் என்பதைச் சொல்லுங்கள்.

நான்காம் படி: கடிகாரத்தைச் சரிசெய்தல்

நேர வித்தியாசத்தை மணிக்கணக்காக மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் ஓய்வு நேரமும் குழந்தை விழித்துச் சோர்வின்றி இருக்கும் நேரமும் எங்கே ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன என்று ஒரு தாளில் இரண்டு கோடுகளாக வரைந்து பாருங்கள். பலருக்கு இது அரை மணி நேரமே இருக்கும், அதுவும் குழந்தை பள்ளிக்குக் கிளம்பும் பரபரப்பில். அதையே எடுத்துக்கொள்ளலாம். காலுறை தேடும் நேரத்தில் மேசையில் சாய்த்துவைத்த கைபேசியில் அப்பாவும் இருப்பது, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர நேர்காணலைவிட வீட்டு வாழ்க்கைக்கு நெருக்கமானது.

கோடைகால நேரமாற்றத்தை மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி மாற்றுகிறார்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மாநிலங்களில் அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. ஆசிய நாடுகள் பலவற்றில் இந்த வழக்கமே இல்லை. நீங்கள் வழக்கம்போல உங்கள் ஏழு மணிக்கு அழைத்தால், அங்கே குழந்தை ஒரு மணி நேரம் காத்திருந்து ஓய்ந்திருக்கும் அல்லது தூங்கியிருக்கும். அந்தத் தேதிகளை ஆண்டின் தொடக்கத்திலேயே குறித்துவைத்து, முந்தைய நாள் குழந்தையிடமும் சொல்லிவிடுங்கள். ஷிப்ட் பணியில் இருப்பவர்கள் தினமும் ஒரே நேரம் என்று உறுதி கொடுக்காமல், வாரத் தொடக்கத்தில் அந்த வாரத்துக்கான நேரங்களை அனுப்பிவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: அழைப்பில் என்ன செய்வது

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் திரை வேலை செய்யுமா என்ற ஐயம் பலருக்கு உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையில், 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்று சொன்னபோதே வீடியோ அழைப்பை மட்டும் விலக்காக விட்டது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், 24 முதல் 30 மாதக் குழந்தைகள், பதிவுசெய்த காணொளியிலிருந்து கற்காத புதிய சொற்களை நேரடி வீடியோ உரையாடலிலிருந்து கற்றுக்கொண்டார்கள். குழந்தை செய்வதற்கு உடனுக்குடன் எதிர்வினை வருவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். அது கையை ஆட்டினால் நீங்களும் ஆட்ட வேண்டும், அது பந்தைக் காட்டினால் நீங்கள் பந்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்த வயதில் ஐந்து நிமிடம் நிறைவான அழைப்பு. குழந்தையைத் தாய் மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் சொல்வதைக் கையால் செய்து காட்டினால், கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டுகூட நடக்கும்.

மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகள் உரையாட மாட்டார்கள். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்பது அவர்களுக்குத் தேர்வு வினா. சேர்ந்து செய்ய ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கதைப் புத்தகத்தில் இரண்டு பிரதிகள் வாங்கி ஒன்றை உடன் எடுத்துச் செல்வது நான் கண்டவற்றில் மிகவும் பலனளித்த வழி. நீங்கள் வாசிக்கும்போது குழந்தை தன் பிரதியில் பக்கத்தைப் புரட்டும். வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றி வாசித்தால் கத்தித் திருத்தும். வரைவது, கட்டைகளை அடுக்குவது, ஒளித்துவைத்த பொம்மையைக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு தேடுவது போன்றவையும் நடக்கும். குழந்தை எழுந்து போய்விட்டால் புண்படாதீர்கள். அது திரும்பி வரும்போது நீங்கள் அங்கேயே இருந்தால், அதுதான் அப்பா வீட்டில் இருப்பதைப் போன்றது.

எட்டு வயதுக்கு மேல் வினாக்களைக் குறிப்பாக்குங்கள். முந்தைய அழைப்பில் கேட்ட பெயர்களை, சண்டைகளை, தேதிகளை ஒரு சிறு நாட்குறிப்பில் எழுதிவைத்து, அடுத்த முறை அதிலிருந்து தொடங்குங்கள். "அந்தப் பையன் உன் பென்சில் பெட்டியைத் திருப்பிக் குடுத்தானா?" என்று கேட்கும் அப்பாவிடம் "ம்" என்று முடித்துவிட முடியாது. இதைச் சூழ்ச்சி என்று ஒரு நண்பர் கேலி செய்தார். வீட்டில் இருப்பவருக்கு இயல்பாக நினைவில் நிற்பது தொலைவிலிருப்பவருக்கு நிற்காது. எழுதிவைப்பது அந்த இழப்புக்கான ஊன்றுகோல்.

பதின்வயதினர் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விரும்ப மாட்டார்கள். எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் அவர்களுக்கு எளிது. பதில் வராத செய்திக்கு ஏன் பதிலில்லை என்று கேட்காமல் அடுத்ததை அனுப்புங்கள். அவர்கள் நள்ளிரவில் தாமாக அழைத்தால், மறுநாள் பணி இருந்தாலும் எடுங்கள்.

எல்லா வயதுக்கும் பொருந்தும் இரண்டைச் சொல்லலாம். உங்கள் வாழ்க்கையையும் காட்டுங்கள்: படுக்கை, துணி காயவைக்கும் இடம், பேருந்து நிறுத்தம், உடன் தங்கியிருப்பவர்கள். குழந்தை உங்களை ஓரிடத்தில் வைத்து நினைக்க முடிய வேண்டும், வெள்ளைச் சுவருக்கு முன் மிதக்கும் முகமாக நினைக்கக் கூடாது. மற்றொன்று, அழைப்பைப் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்கக் கூடாது. மதிப்பெண் குறைந்த அன்றும் கதை வாசிப்பு உண்டு.

ஆறாம் படி: மனைவியுடன் தனி அழைப்பு

குழந்தையின் அழைப்பிலேயே வீட்டுக் கணக்கையும் கேட்டு முடித்துவிடும் பழக்கம் இரண்டையும் கெடுக்கும். மனைவியுடன் பேச வாரத்தில் இரண்டு முறையாவது தனி நேரம் வேண்டும், அதில் குழந்தையைப் பற்றிய முடிவுகளுக்கும் ஒரு பகுதி வேண்டும். தொலைவிலிருந்து உத்தரவு போடும் ஆசை வரும். அதை அடக்குவது கடினம், ஆனால் அடக்க வேண்டும். அன்றாட ஒழுங்கில் நேரில் இருப்பவரின் சொல்லே இறுதி. நீங்கள் மாற்றுக் கருத்துச் சொல்ல வேண்டியது தனி அழைப்பில், குழந்தையின் காதுபட அல்ல. அம்மா மறுத்ததை அப்பாவிடம் கேட்டு வாங்கும் வழியைக் குழந்தை கண்டுபிடிக்காமல் இருக்காது. "அம்மாகிட்டப் பேசிட்டுச் சொல்றேன்" என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அதே நேரத்தில், "அப்பாகிட்டச் சொல்லிடுவேன்" என்ற மிரட்டல் வீட்டில் புழங்க வேண்டாம் என்று மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திரையில் வரும் ஒரே ஆளை நீதிபதியாக்கிவிட்டால் குழந்தை திரைக்கு வருவதையே தவிர்க்கும்.

வாக்குத் தவறும் நாள்

நடக்கும். ஓவர்டைம் வரும், இணையம் போகும், விடுப்பு தள்ளிப்போகும். விடுப்பு தள்ளிப்போன செய்தியை மனைவி வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். நீங்களே சொல்லுங்கள், குழந்தை கோபப்பட்டால் அந்தக் கோபத்தைக் கேளுங்கள். விளக்கம் ஒரு வரி போதும். ஈடாகப் பொம்மை அனுப்பும் வாக்குறுதியை அந்த அழைப்பிலேயே கொடுத்தால், குழந்தையின் வருத்தத்தை விலைபேசியதாகிவிடும். அழைப்பு மட்டும் தவறியதென்றால் ஒரு நிமிடக் குரல் பதிவு அன்றைக்குள் போய்விட வேண்டும். இதற்காகவே ஊரில் இருக்கும்போது பத்துப் பன்னிரண்டு கதைகளை உங்கள் குரலில் பதிவுசெய்து வீட்டுக் கைபேசியில் வைத்துவிடுங்கள்.

ஏழாம் படி: விடுப்பில் வரும்போது

விமான நிலையத்தில் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் காட்சியை மாதக்கணக்காக மனத்தில் ஓட்டியிருப்பீர்கள். குழந்தை தாயின் பின்னால் ஒளிந்துகொண்டால் அதிர்ந்துபோகாதீர்கள். 1950-களில், குழந்தைகளின் மனநலத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் பெற்றோரைப் பிரிந்திருந்த சிறு குழந்தைகளைக் கவனித்து, அழுது எதிர்ப்பது, நம்பிக்கையிழந்து அடங்குவது, ஒட்டாமல் விலகுவது என்ற மூன்று நிலைகளை விவரித்தார்கள். மருத்துவமனையிலும் காப்பகத்திலும் விடப்பட்ட அக்குழந்தைகளின் நிலை, தாயின் அரவணைப்பிலேயே இருக்கும் உங்கள் குழந்தையின் நிலையைவிடக் கடுமையானது. ஆயினும் திரும்பி வந்தவரிடம் முகம் கொடுக்காத அந்த விலகல் இங்கும் தலைகாட்டும். அதை மறதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் மூன்று நாள்கள் தரையில் அமருங்கள். குழந்தை விளையாடும் இடத்துக்கு அருகில் உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். தூக்க முயலாதீர்கள், "அப்பாகிட்ட வா" என்று உறவினர் முன் சோதனை வைக்காதீர்கள். என் மகன் இரண்டே கால் வயதில், நான் வந்த இரண்டாம் நாள் கைபேசியை எடுத்துவந்து என்னிடம் நீட்டி "அப்பா" என்றான். கைபேசிக்குள் இருப்பவரும் எதிரில் அமர்ந்திருப்பவரும் ஒருவரே என்று அவனுக்குப் பிடிபட மேலும் ஒரு நாள் ஆனது. அன்று பக்கத்து அறையிலிருந்து அவனை வீடியோவில் அழைத்து, பேசிக்கொண்டே கதவைத் திறந்து வெளியே வந்தேன். திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவன் கைபேசியைக் கீழே வைத்தான்.

நீங்கள் இல்லாதபோது உருவான ஒழுங்குகளை முதல் வாரத்தில் மாற்றாதீர்கள். உறங்கும் நேரம், சாப்பாட்டு முறை, யார் எங்கே படுப்பது என அனைத்திலும் நீங்கள் விருந்தாளி. இரண்டாம் வாரத்திலிருந்து பள்ளியில் விடுவது, குளிப்பாட்டுவது போன்ற சலிப்பான வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். உறவினர் வீடுகளுக்குச் சென்றே விடுப்பு தீர்ந்துவிடும் ஆபத்து எல்லோருக்கும் உண்டு. பாதி நாள்களையாவது வீட்டுக்கென்று முன்பே ஒதுக்கிவிட்டு வந்து சேருங்கள்.

இரண்டாவது முறை கிளம்புவது முதல் முறையைவிடக் கடினம், ஏனெனில் இம்முறை குழந்தைக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும். பெட்டி அடுக்குவதை அதற்குத் தெரியாமல் செய்யாதீர்கள்.

எட்டாம் படி: நீட்டிப்புக்கு முன்

பிரிவின் முதல் சில வாரங்களில் அழுகை, படுக்கை நனைத்தல், சிணுங்கல் ஆகியவை வரலாம். பெரும்பாலும் தானாகவே குறையும். பல வாரங்கள் கடந்தும் உறக்கமும் பசியும் சீராகாமல், பள்ளிக்குச் செல்ல மறுத்து, நண்பர்களையும் விட்டு ஒதுங்கினால், குழந்தை மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ காட்டுங்கள். அந்தச் சந்திப்பில் நீங்களும் வீடியோவில் இருங்கள்.

ஒப்பந்தம் முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன் ஒரு தேதியைக் குறித்துவைத்து, தொடர்வதா திரும்புவதா, குடும்பத்தை அழைத்துக்கொள்வதா என்று மனைவியுடன் பேசுங்கள். கடன் எவ்வளவு தீர்ந்தது என்ற கணக்கோடு, நீங்கள் ஏற்றுக்கொண்ட மூன்று வேலைகளில் எத்தனை இன்னும் உங்கள் கையில் இருக்கின்றன என்பதையும் பாருங்கள். பத்து வயது கடந்த பிள்ளையையும் கேளுங்கள். முடிவு பெரியவர்களுடையது என்று சொல்லிவிட்டே கேளுங்கள். மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாமா என்று என் மகளிடம் கேட்டபோது அவளுக்குப் பதினொரு வயது. விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "அப்ப எனக்குப் பதிமூணு ஆயிடும்" என்றாள். பிறகு முந்தைய நாள் பாதியில் விட்ட பின்னக் கணக்கை எடுத்துக் கேமரா முன் வைத்தாள். நான் ஓராண்டு நீட்டிப்புக்கு மட்டும் எழுதிக் கொடுத்தேன்.